ஈ.ஜி.ஆர். வால்வை அடைக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: ஈ.ஜி.ஆர். வால்வு, அதாவது என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் வால்வு. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பற்றரி, ரயர், பிறேக் பற்றி எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும். கடிதங்களில் இருந்த கார், வான் நிறுவனங்களின் பெயர்களையும் கராஜ்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். எந்த நிறுவனத்தின் டீசல் என்ஜினாக இருந்தாலும் இந்தக் கதை ஒன்றுதான்.

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான 2 லீற்றர் டர்போ டீசல் கார் இருக்கிறது. 1,40,000 கிலோமீற்றர் ஓடியுள்ளது. இரண்டு மாதங்களாக என்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரைப் போட்டுப் பார்த்தபோது பி-0401 என்ற பிழைக் குறியீடு வந்தது. கொழும்புக்குப் போகும் வழியில் ஆனையிறவு தாண்டி லொறி ஒன்றை முந்தப் பார்த்தேன், கார் இழுக்கவில்லை. நகரத்திலுள்ள ஒரு கராஜில், "ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்து, கணினியிலும் நிறுத்திவிடலாம். 15,000 ரூபாய்தான். பிறகு கார் பறக்கும். புகைப் பரிசோதனையிலும் பிரச்சினை வராது" என்கிறார்கள். கிழமை நாட்களில் என் மனைவி நான்கு கிலோமீற்றர் தூரத்திலுள்ள பாடசாலைக்கு இந்தக் காரில்தான் போய்வருகிறார். அடைக்கலாமா?
— கொக்குவில் வாசகர்

பதில்: அடைக்க வேண்டாம் ஐயா. காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது.

பி-0401 என்ற குறியீட்டுக்குப் பொருள், ஈ.ஜி.ஆர். வழியாகப் போக வேண்டிய புகை போதுமான அளவு போகவில்லை என்பதாகும். வால்வைத் திறக்கச் சொன்னேன், எதிர்பார்த்த அளவு புகை உள்ளே வரவில்லை என்று காரின் கணினி முறையிடுகிறது. அதாவது உங்கள் காரில் அந்தப் பாதை ஏற்கெனவே பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. கராஜில் 15,000 ரூபாய்க்குச் செய்யப்போகும் வேலையைக் கரி இலவசமாகச் செய்து முடித்திருக்கிறது. அடைத்தால் கார் பறக்கும் என்பது உண்மையானால், உங்கள் கார் இரண்டு மாதங்களாகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். ஆனையிறவில் அது லொறிக்குப் பின்னால் நின்றது.

அந்த வால்வு எதற்காக இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். என்ஜினுக்குள் போகும் நைதரசனில் பெரும்பகுதி எதனோடும் சேராமல் போனபடியே வெளியே வந்துவிடும். ஆனால் சிலிண்டருக்குள் சுவாலையின் வெப்பம் ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, அதே நைதரசன் ஒட்சிசனோடு வேகமாகச் சேரத் தொடங்குகிறது. அப்படி உருவாவதுதான் நைதரசன் ஒட்சைட்டு. எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து, உள்ளே போகும் காற்றோடு கலந்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒட்சிசனின் பங்கு குறைகிறது. புகையிலுள்ள காபனீரொட்சைட்டும் நீராவியும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. சுவாலை சற்றுத் தணிகிறது. நைதரசன் ஒட்சைட்டு பெருமளவு குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இதைப் பொருத்தத் தொடங்கினார்கள். இன்றுவரை இதற்கு மலிவான மாற்று வரவில்லை.

இந்த வால்வு எப்போதும் திறந்திருப்பதில்லை. என்ஜின் சும்மா ஓடும்போதும், மெதுவாகப் போகும்போதும், ஒரே சீரான வேகத்தில் போகும்போதும் திறக்கும். லொறியை முந்துவதற்காகக் கால்மிதியை முழுவதும் மிதித்த கணத்தில் கணினி அதை மூடிவிடும். முழு இழுவை வேண்டிய நேரத்தில் என்ஜினுக்குப் புகையே போவதில்லை. ஆகவே, அடைத்தால் முந்தும் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே மூடியிருக்கும் கதவுக்கு இன்னொரு பூட்டு விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உங்கள் கார் ஏன் இழுக்கவில்லை? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விளக்கு எரிந்தபின் கணினி தானாகவே சக்தியைக் குறைத்து வைத்திருக்கலாம். அல்லது காற்று உள்ளே போகும் குழாயே கரியால் சுருங்கியிருக்கலாம். இரண்டாவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். சென்ற தை மாதம் இதே வகை 2 லீற்றர் என்ஜின் ஒன்றின் காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றி மேசையில் வைத்தோம். வாய்க்குள் பார்த்தால், இரண்டு விரல் நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல் மட்டும்தான் போனது. சுற்றிலும் கறுப்பாக, தொட்டால் விரலில் இழுபடும் ஒன்று படிந்திருந்தது. பனங்கட்டி காய்ச்சும்போது பாணி இறுகிவரும் பதம் இருக்கிறதே, அந்தப் பதம். மணம் மட்டும் பழைய என்ஜின் எண்ணெயின் மணம். சுரண்டி எடுத்ததை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டோம், சிரட்டை நிறைந்துவிட்டது. காரின் சொந்தக்காரர் அந்தச் சிரட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாணி இரண்டு பொருட்கள் சேர்ந்து உண்டாவது. ஈ.ஜி.ஆர். வழியாக வருவது உலர்ந்த புகைக்கரி. என்ஜினின் அடிப்பாகத்திலிருந்து ஒரு தனிக் குழாய் வழியாக வருவது எண்ணெய் ஆவி. கரி மட்டும் வந்தால் தூசியாகப் பறந்து உள்ளே போய் எரிந்துவிடும். எண்ணெய் மட்டும் வந்தால் மெல்லிய ஈரமாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பசை. வால்வை அடைத்தால் கரியின் வரத்து நிற்கும் என்பது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன். டீசல் என்ஜினில் அடைத்தபின் எரிபொருள் செலவு சிறிதளவு குறையவும் கூடும். ஆனால் ஏற்கெனவே படிந்திருக்கும் பசையை எந்தத் தகடும் கரைக்காது. எண்ணெய் ஆவியின் வரத்தும் நிற்காது.

கரி ஏன் இவ்வளவு வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் மனைவியின் பாடசாலை நான்கு கிலோமீற்றர். போக நான்கு, வர நான்கு. டீசல் என்ஜின் ஒன்று முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த என்ஜினில் டீசல் முழுமையாக எரிவதில்லை. கரி கூடுகிறது. எண்ணெயில் ஈரம் சேர்கிறது. அதே மெதுவான ஓட்டத்தில்தான் ஈ.ஜி.ஆர். அதிகமாகத் திறந்திருக்கிறது. யாழ்ப்பாண நகருக்குள் மட்டும் ஓடும் டர்போ டீசல் கார்கள் பலவற்றுக்கும் இந்த நோய் வருகிறது. கஸ்தூரியார் வீதியில் ஊர்ந்து, ஆஸ்பத்திரி வீதியில் நின்று, வீடு திரும்பும் ஓட்டம் அந்த என்ஜினுக்கு ஒத்துவராது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். முதலில், வேலை தொடங்கும் முன்பே ஸ்கானரில் ஒரு சிறு சோதனை செய்யச் சொல்லுங்கள். என்ஜினை நன்றாகச் சூடேற்றிச் சும்மா ஓடவிட்டு, ஒரு தடவை உறிஞ்சும் காற்றின் எடையைப் பாருங்கள். உங்களுடையது 2 லீற்றர், நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டர் அரை லீற்றர். நம் ஊர்ச் சூட்டில் அரை லீற்றர் காற்று 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். என்ஜின் அதை முழுதாக நிரப்புவதில்லை. ஆகவே வால்வு மூடியிருக்கும்போது ஏறத்தாழ 450 முதல் 550 வரை காட்ட வேண்டும். இப்போது ஸ்கானர் மூலம் வால்வைத் திறக்கச் சொன்னால், புகை வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்த எண் நன்றாக இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் பாதை அடைபட்டிருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை. மூடியிருக்கும்போதே எண் மிகக் குறைவாக இருந்தால், வால்வு சரியாக மூடாமல் கசிகிறது, அல்லது காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் தகடு வெட்டத் தொடங்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

அடைப்பு உறுதியானால் வால்வையும் காற்றுக் குழாய்த் தொகுதியையும் கழற்றி, வெளியே வைத்துக் கழுவ வேண்டும். பொருத்தியபடியே கம்பியால் சுரண்டக் கூடாது. உதிரும் கரிக்கட்டி நேராக உள்வால்வின் இருக்கையில் போய் உட்காரும். காஸ்கெட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். பொருத்திய பின் வால்வின் திறந்த நிலையையும் மூடிய நிலையையும் ஸ்கானர் மூலம் கணினிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, "கழுவியும் சரிவரவில்லை" என்பார்கள். தகடு வைப்பதைவிடச் செலவு கூடுதல்தான், ஒரு முழுநாள் வேலையும்தான். பிறகு வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆனையிறவு வரை போய்த் திரும்புங்கள். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வரை போனாலும் சரி. வேகம் தேவையில்லை, சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் போதும். ஒரு கியர் குறைத்து, என்ஜின் சுற்று 2,000 முதல் 2,500 வரை அரை மணி நேரம் நிற்கட்டும்.

கராஜில் சொன்ன இன்னொரு வார்த்தைக்கும் பதில் சொல்ல வேண்டும். "புகைப் பரிசோதனையில் பிரச்சினை வராது." உண்மை, வராது. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய அந்தப் பரிசோதனையில், டீசல் வாகனத்தின் சைலன்சரில் கருவியை வைத்து, என்ஜினை முடுக்கிப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டை அளப்பதில்லை. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அடைத்த வாகனத்தில் கறுப்புப் புகை குறைவதால், சில வேளைகளில் முன்னைவிட நல்ல பெறுபேறு கூட வரும். வருமான அனுமதிப்பத்திரமும் கிடைத்துவிடும்.

பரிசோதனை பார்க்காத ஒன்று இல்லாத ஒன்றாகிவிடாது. 2015 செப்டெம்பரில் வோக்ஸ்வாகன் நிறுவனம் பிடிபட்டது இதே விடயத்தில்தான். பரிசோதனை நடப்பதை உணர்ந்து, அந்த நேரத்தில் மட்டும் நைதரசன் ஒட்சைட்டை ஒழுங்காகக் கட்டுப்படுத்தும் மென்பொருள், உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் டீசல் கார்களில் இருந்தது. ஒரு பெரிய நிறுவனம் செய்தபோது உலகமே அதை மோசடி என்றது. நம் ஒழுங்கையில் ஒரு தகட்டால் செய்தால் அதற்குப் பெயர் வேறாக முடியாது.

என் கராஜ் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கிறது. எதிரே ஒரு தனியார் கல்வி நிலையம். மாலை நான்கு மணிக்கு நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் சைக்கிள்களோடு அந்த ஒழுங்கையில் நிற்பார்கள். அவர்களை ஏற்றிப்போக வந்த வான்கள் என்ஜினை நிறுத்தாமல் வரிசையாக நிற்கும். ஒரு வானின் சைலன்சர் வாய், சைக்கிளில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அங்கே நின்று பார்க்க வேண்டும். நைதரசன் ஒட்சைட்டுகளில் ஒன்றான நைதரசனீரொட்சைட்டு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். இழுப்பு நோய் உள்ள பிள்ளைக்கு நோயைக் கூட்டும். நம் ஊர் வெயிலில் வேறு ஆவிகளோடு சேர்ந்து நிலமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். அதுவும் நெஞ்சுக்குக் கேடுதான். என்ஜின் சும்மா ஓடும்போது ஈ.ஜி.ஆர். நன்றாகத் திறந்திருக்கும் என்று மேலே சொன்னேன். அடைத்த வான் ஒன்று அந்த வரிசையில் நிற்கும்போது, அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. நானும் ஒரு காலத்தில் பல வாகனங்களுக்குத் தகடு வைத்துக் கொடுத்தவன். அந்த ஒழுங்கைக்குக் கராஜை மாற்றிய பிறகு ஒன்றுக்கும் வைத்ததில்லை.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தோம். சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். என்ஜின் தட்டும். எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தண்ணீராகிவிடும். பின்னால் வருபவருக்குக் கண் எரியும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை, செய்தோம். இன்று உங்கள் காருக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. கழுவினால் சரியாகும்.

கேள்வி: 3 லீற்றர் டர்போ டீசல் வான் வைத்து வாடகைக்கு ஓடுகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை கொழும்பு. இரண்டு வருடங்களுக்கு முன் ஈ.ஜி.ஆர். குழாயில் நானே தகடு வெட்டி வைத்தேன். விளக்கு எரியாமலிருக்க நடுவில் சிறிய துளையும் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதமாக ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறது. டீசலும் கூடுதலாகப் போகிறது. துளை போதாதா? பெரிதாக்கலாமா?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: தம்பி, துளையைத் தொடாதீர்கள். தகட்டையே கழற்றிப் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: எதில் வெட்டினீர்கள்?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வான் இதே முறைப்பாட்டோடு என்னிடம் வந்தது. கறுப்புப் புகை, இழுவை இல்லை. ஓட்டுநர் உறுதியாகச் சொன்னார்: "ஈ.ஜி.ஆர். அடைத்துத்தான் இருக்கிறது, அதைப் பார்க்கத் தேவையில்லை." குழாயின் இரண்டு ஆணிகளையும் கழற்றினேன். தகடு இருந்த இடத்தில் ஒரு விளிம்பு மட்டும், பிறைபோல, ஒட்டிக்கொண்டிருந்தது. பால்மாத் தகரப் பேணியிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டியது. உட்பக்கத்தில் அந்த நிறப்பூச்சின் ஒரு கீற்று அப்போதும் தெரிந்தது. நடுப்பகுதியைப் புகையின் சூடு தின்றுவிட்டது. தின்றது போக மிஞ்சிய ஒரு துண்டு, நகத்தளவு, புகையோடு போய் ஈ.ஜி.ஆர். வால்வின் இருக்கையில் குறுக்கே கிடந்தது. வால்வு மூட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கால்மிதியை முழுவதும் மிதித்தாலும் புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. காற்றுக்கு இடமில்லை, டீசல் மட்டும் ஊற்றுகிறது. கறுப்புப் புகை வராமல் என்ன செய்யும்? அந்தத் துண்டு வால்வைத் தாண்டியிருந்தால் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

அலுமினியத் தகடு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும். முழுச் சுமையில் டர்போவுக்கு, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவிக்கு, முன்னாலுள்ள புகை அந்த வெப்பத்தை எட்டக் கூடும்.

துளையைப் பற்றி: அது கணினியை ஏமாற்றும் தந்திரம். கொஞ்சம் புகை போவதால் எண் சற்று இறங்கும், கணினி திருப்தியடையும் என்பது கணக்கு. அந்தத் துளையில் கரி படிந்து சுருங்கும், அல்லது சூட்டில் விளிம்பு தின்னப்பட்டு விரியும். இரண்டில் எது நடந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். டர்போ வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈ.ஜி.ஆர். புகை டர்போவின் சக்கரத்துக்கு முன்னாலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் பாதை திறந்திருக்கும்போது சக்கரத்துக்குப் போகும் புகை குறைவு, மூடியிருக்கும்போது கூடுதல். டர்போவின் இதழ்களை எவ்வளவு திருப்புவது என்பதைக் கணினி இந்த இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. ஒன்றில் கைவைத்தால் மற்றதன் கணக்கும் மாறுகிறது.

உங்கள் தகடு முழுதாக இருந்தால், கறுப்புப் புகைக்குக் காரணம் வேறிடத்தில். சரியாக அடைத்த டீசலில் புகை குறையத்தான் வேண்டும். காற்று வடிகட்டியை முதலில் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். தென்மராட்சி வீதிகளின் தூசி அதை மூன்று மாதத்தில் அடைத்துவிடும். அடுத்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் இறப்பர்க் குழாய்கள். அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு கண்ட இடத்தைக் கையால் அழுத்துங்கள், வெடிப்பு வாய் திறக்கும். காற்று அங்கே போய்க்கொண்டிருக்கும்.

அதற்கும் பிறகு, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகை வான் ஒன்றின் என்ஜினையே கொன்றுவிடக்கூடியது இது. இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வளையம் இருக்கிறது. அது கசிந்தால் எரியும் வாயு மேலே ஏறி எண்ணெயோடு சேரும். எண்ணெய் கரியாகிக் கீழே இறங்கி, எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கும். முதலில் உயிர்விடுவது டர்போவின் அச்சு, அதன்பின் கிராங்க் பெயரிங். எண்ணெய் மூடியைத் திறந்து உட்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான கறுப்பாக இருந்தால் பயமில்லை. மணல்போல் நெருடினால், அடுத்த கொழும்புப் பயணத்தை ஒத்திவைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியைக் கழற்றுங்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு மாங்குளம் காட்டு வழியில் இரவில் நிற்பதைவிட ஒரு நாள் வாடகை போவது மேல்.

எல்லாம் சரிபார்த்த பின், தகட்டை எடுத்துவிட்டு வால்வைக் கழுவிப் பூட்டுங்கள். நெடுந்தூரம் ஓடும் வான் உங்களுடையது. என்ஜின் நல்ல சூட்டில் ஓடுவதால் கொக்குவில் வாசகரின் காரில் படிந்ததுபோல உங்கள் வானில் சீக்கிரம் படியாது.

கேள்வி: மூன்று சிலிண்டர், 1 லீற்றர் பெற்றோல் டர்போ கார் வாங்கியிருக்கிறேன். தம்பி ஒருவர் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்தால் உள்வால்வுகளில் கரி பிடிக்காது என்கிறார். என் காரில் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.
— திருநெல்வேலி வாசகி

பதில்: தேடிக் களைக்க வேண்டாம் பிள்ளை. சிறிய பெற்றோல் டர்போ என்ஜின்கள் பலவற்றில் தனியாக ஈ.ஜி.ஆர். வால்வே கிடையாது. வெளிவால்வு மூடும் நேரத்தையும் உள்வால்வு திறக்கும் நேரத்தையும் சற்று மாற்றி, எரிந்த புகையில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குள்ளேயே தங்க வைத்துவிடுகிறார்கள். அதை அடைக்க யாராலும் முடியாது.

வால்வு இருந்தாலும் அடைக்கக் கூடாது. டீசலில் சொன்ன அந்தச் சிறு எரிபொருள் லாபம் பெற்றோலில் தலைகீழாகும். பெற்றோல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் திறொட்டில் பாதி மூடியிருப்பதால், அதன் வழியாகக் காற்றை இழுக்கச் சிரமப்படுகிறது. புகை கொஞ்சம் கலந்தால் திறொட்டிலைக் கூடுதலாகத் திறக்கலாம், அந்தச் சிரமம் குறையும், பெற்றோல் மிச்சமாகும். சுவாலை தணிவதால், பெற்றோல் கலவை தானாக வெடித்து என்ஜின் தட்டுவதும் குறையும். டர்போ உள்ள பெற்றோல் என்ஜினுக்குத் தட்டல்தான் பெரிய எதிரி. பிஸ்டனையே உடைக்கும்.

அந்தத் தம்பி சொன்ன கரி, பெற்றோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் என்ஜின்களில் வருவது. பழைய முறையில் பெற்றோல் உள்வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. இப்போது கழுவுவதற்கு ஒன்றும் இல்லை, எண்ணெய் ஆவி அங்கேயே காய்ந்து படிகிறது. நல்ல எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். டர்போ என்ஜினுக்கு எண்ணெயின் தரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது டர்போ இல்லை, 1.8 லீற்றர் ஹைபிரிட். றேடியேற்றர்த் தண்ணீர் மாதத்துக்கு அரைப் போத்தல் குறைகிறது. வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை. காலையில் கிளப்பும்போது சில நொடிகள் என்ஜின் உதறுகிறது. இதற்கும் ஈ.ஜி.ஆருக்கும் தொடர்பு இருக்குமா?
— மானிப்பாய் வாசகர்

பதில்: இருக்கலாம். காரை இனி நீண்ட தூரம் ஓட்டாதீர்கள், முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். இரவில் சிலிண்டருக்குள் கசிந்த தண்ணீர், காலையில் கிளப்பும்போது உதறலாகத் தெரியும். பெரும்பாலும், என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தலைக் காஸ்கெட் போகத் தொடங்கியதன் அடையாளம் அது. தண்ணீர் அமைப்பை அழுத்தம் கொடுத்துப் பரிசோதித்து, பிளக்குகளைக் கழற்றி உள்ளே கமரா விட்டுப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும்.

ஈ.ஜி.ஆர். இதில் வருவது இப்படி. புகையைக் குளிர்விக்க ஒரு குளிர்விப்பான் இருக்கிறது. அது கரியால் அடைபட்டால், புகை எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் போகாது. புகை கிடைக்காத சிலிண்டர் கூடுதல் சூட்டில் எரியும், தட்டும். காலப்போக்கில் தலைக் காஸ்கெட் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். காஸ்கெட் மாற்றும்போது குளிர்விப்பானையும் காற்றுக் குழாய்களையும் கழுவாமல் பூட்டினால், இதே வேலை மறுபடியும் வரும். குளிர்விப்பானே வெடித்துத் தண்ணீரைப் புகைக்குள் விடுவதும் உண்டு. டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் தீப்பிடித்தது அதனால்தான். கசிந்த குளிர்விப்புத் திரவம் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுக் கனன்று, காற்றுக் குழாயை எரித்தது. அங்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். தண்ணீர் குறைவதை எந்த வாகனத்திலும் சின்ன விடயமாக எண்ணாதீர்கள்.

கேள்வி: கழற்றாமல், காற்றுக் குழாயில் பீச்சி ஈ.ஜி.ஆரைச் சுத்தப்படுத்தும் ஸ்பிறே விற்கிறார்கள். பாவிக்கலாமா? என்னுடையது 1.5 லீற்றர் டர்போ டீசல், 60,000 கிலோமீற்றர்.
— உரும்பிராய் வாசகர்

பதில்: 60,000 கிலோமீற்றரில், கரி மெல்லிய படலமாக இருக்கும்போது, பயன் உண்டு. அளவோடு பாவியுங்கள். காற்றை அளக்கும் கருவிக்குப் பிறகுள்ள இடத்தில், என்ஜின் சூடாக, சற்று உயர்ந்த சுற்றில் ஓடும்போது, விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். தொடர்ந்து பீச்சினால் அந்தத் திரவமே எரிபொருளாகி, டீசல் என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். திறப்பை நிறுத்தினாலும் அது நிற்காது. இந்த வேலையைத் தனியாகச் செய்யாமல், ஆசனத்தில் ஒருவரை உட்காரவைத்துச் செய்யுங்கள். கையியக்கக் கியர் என்றால், என்ஜின் தானாகச் சுற்று ஏறினால் உடனே பிறேக்கை மிதித்து, மேல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டு அணைக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்திருங்கள். தானியங்கிக் கியர் என்றால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

சைலன்சரில் கரி வடிகட்டி உள்ள கார் என்றால் ஸ்பிறே வாங்கும் முன் அதன் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள், வடிகட்டிக்குப் பொருந்தும் என்று இருக்க வேண்டும். பாவித்து முடிந்தபின் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டி, பனங்கட்டிப் பதத்தில் படிந்துவிட்ட என்ஜினுக்கு இந்த ஸ்பிறேயை வாங்க வேண்டாம். அது பாதியை இளக்கி, கட்டியாகப் பெயர்த்து உள்ளே தள்ளும். அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும்.